சாவி ஆவுடைத்தாயிடம் இருக்கிறது

சாலை, திருவனந்தபுரம்
5 ஜூன் 2025

பொன்செல்விக்கு அண்ணன் நெல்லையப்பன் எழுதுவது.

செவ்வாய்க்கிழமை நீ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்து போனதாக ஞானையன் சொன்னான். சாலைக் கடைத்தெருவிலிருந்து பொன்முடிக்குக் காய்கறி ஏற்றிப் போகிறவனுக்குத் தெரிந்த செய்தி, கூடப் பிறந்தவனுக்கு இரண்டு நாள் கழித்துத் தெரிகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து என் வீட்டுக்கு ஆட்டோவில் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தை வேண்டாம் என்று விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி மலை ஏறியிருக்கிறாய். போகட்டும்.

கிரிஷுக்கு இரண்டு காதும் கேட்கவில்லையோ என்று டாக்டர் இப்போது சந்தேகப்படுகிறாராம். ஒன்றரை வருடத்துக்கு முன்பே நான் சொன்னேன். நான் டாக்டர் இல்லை. ஆறாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் நாற்பது வருடமாக மைக் செட் வாடகைக்கு விடுகிறேன். ஒலிபெருக்கியைப் பிரித்துச் சேர்க்க எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பழைய புத்தகக் கடையில் வாங்கிப் படித்தேன், மீதியை ஷாக் அடித்துக் கற்றுக்கொண்டேன். சத்தம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும்.

சாஸ்தா கோவிலில் பிள்ளைக்குக் காது குத்திய அன்று, தாய்மாமன் மடி என்று என் மடியில் உட்கார வைத்தீர்கள். பத்தடி தூரத்தில் என்னுடைய ஸ்பீக்கரே அலறிக்கொண்டிருந்தது. வேட்டு போட்டார்கள். பிள்ளை கண்ணைச் சிமிட்டவில்லை. ஆசாரி ஊசியை இறக்கியபோதுதான் அழுதான். அதைத்தான் உன்னிடம் சொன்னேன். அதுவும் ஊரைக் கூட்டிச் சொல்லவில்லை. குனிந்து உன் காதோடு சொன்னேன்.

அதற்கு நீ எல்லார் முன்னாலும் கேட்ட கேள்வியை நான் இங்கே எழுத மாட்டேன். உனக்கு நினைவிருக்கும். அந்த வார்த்தையை நீ திரும்ப எடுத்துக்கொண்ட பிறகு என் வீட்டுப் படி ஏறலாம்.

போன் செய்யாதே. என் போனில் வெறும் கரகரப்புதான் வருகிறது. மூன்று போன் மாற்றிப் பார்த்துவிட்டேன், எல்லாம் ஒரே லட்சணம். பதில் இருந்தால் ஞானையன் வண்டியில் கொடுத்தனுப்பு.

நெல்லையப்பன்

*

எஸ்டேட் லயம், பொன்முடி
9 ஜூன் 2025

அண்ணனுக்கு,

காதோடு சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ஆசாரி ஊசியைப் பிடித்த கையோடு அப்படியே நின்றுவிட்டார். என் மாமியார் கோவிலுக்கு வெளியே செருப்புகளுக்குக் காவல் உட்கார்ந்திருந்தார். அவர் அங்கிருந்து எழுந்து ஓடி வந்து, "என்னட்டி, பிள்ளைக்குக் காது கேக்காதாமே?" என்று என் கையைப் பிடித்தார். கல்யாணமாகிப் பத்து வருடம் கழித்துப் பிறந்த பிள்ளையை நாற்பது பேர் கேட்க, "ஏட்டி, இது செவிடு" என்றீர்கள். நடந்தது இதுதான். நீங்கள் ஒப்புக்கொள்ள மாட்டீர்கள். எனக்கும் சண்டை போட இப்போது நேரமில்லை.

ஆஸ்பத்திரியில் நடந்ததைக் கேளுங்கள். காது டெஸ்ட் எடுக்கிற பெண்ணின் பெயர் நீது. பிள்ளை தூங்கும்போது தலையில் வயர் ஒட்டி, காதில் சத்தம் கொடுத்துப் பார்க்கிற டெஸ்ட் அது. முந்தின இரவு தூங்கவிடாமல் கொண்டுவரச் சொன்னார்கள். நானும் கிரிஷ் அப்பாவும் மாற்றி மாற்றித் தோளில் போட்டு நடந்தோம். காலையில் பஸ் ஏறினோம். முதல் வளைவிலேயே கண்ணை மூடினான். இருபத்திரண்டு வளைவும் தூங்கினான். நெடுமங்காடு தாண்டியும் தூங்கினான். ஆஸ்பத்திரி வாசலில் முழித்தான். அதன் பிறகு அவனைப் பிடிக்க மூன்று பேர் வேண்டியிருந்தது. தூக்க மருந்தை வாயில் ஊற்றினால் நீதுவின் சட்டையில் துப்பினான். மறுபடி ஊற்றினால் வாந்தி எடுத்தான். "சேச்சி, குட்டி உறங்காதே டெஸ்ட் நடக்கில்லா" என்றார். பிள்ளை தூங்காமல் டெஸ்ட் நடக்காதாம். இன்னொரு தேதி எழுதிக் கொடுத்துவிட்டார். இதோடு இரண்டு தடவை இப்படித் திரும்பிவிட்டோம்.

காதுக்குள் கருவி வைக்கும் ஆபரேஷன் செய்தால் அவனுக்குக் கேட்கும், பேச்சும் வரும் என்கிறார் டாக்டர். ஜனவரியில் அவனுக்கு மூன்று வயது. அதற்குள் செய்துவிட்டால் நல்லது, தள்ளத் தள்ளப் பேச்சு குறையும் என்கிறார். ஆனால் முதலில் இந்த டெஸ்ட் முடிய வேண்டும். பிறகு வெளியே மாட்டுகிற கருவியை மூன்று மாதம் போட்டுப் பார்க்க வேண்டும். அதற்கெல்லாம் காதைத் தொட வேண்டும். தொட விட்டால்தானே? உங்கள் மடியில் உட்கார்ந்த நாளிலிருந்து குளிப்பாட்டும்போதுகூட என்னால் அவன் காதுப்பக்கம் கையைக் கொண்டுபோக முடியவில்லை. வெள்ளை வேட்டி கட்டிய ஆள் எதிரே வந்தால் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொள்கிறான். "ஒண்ணும் செய்ய மாட்டாங்க ராசா" என்று சொல்லலாம். யாரிடம் சொல்வது?

17ஆம் தேதிக்கு அடுத்த தேதி கொடுத்திருக்கிறார்கள்.

பொன்செல்வி

*

சாலை
12 ஜூன் 2025

பொன்செல்விக்கு,

உன் கடிதத்தில் முதல் பாதி பொய். காதோடு சொன்னது காதோடு சொன்னதுதான். இரண்டாம் பாதியை நான்கு தடவை படித்தேன்.

தூங்க வைப்பது பஸ் என்று தெரிந்த பிறகும் பிள்ளையை அதே பஸ்ஸில் கொண்டுவருவது என்ன புத்தி? பதினாறாம் தேதி மதியமே இறங்கி வா. பஸ்ஸில் தூங்குகிற தூக்கத்தைத் தூங்கட்டும். இரவு இங்கே விழித்திருக்க வை. காலையில் பத்து நிமிட ஆட்டோதான். அதில் தூங்க மாட்டான். எங்கள் தெருவில் உள்ள பள்ளங்கள் இந்த ஒரு வேலைக்காவது உதவட்டும்.

வீட்டுச் சாவி எதிர்வீட்டு ஆவுடைத்தாயிடம் இருக்கிறது. நான் உள்ளே இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவளிடம்தான் எல்லாரும் வாங்குவார்கள். இந்தக் காலத்தில் கதவைத் தட்டுகிறவர்கள் யாரும் ஒழுங்காகத் தட்டுவதில்லை. அன்று இரவு நான் கடையில் படுத்துக்கொள்வேன். நீ என் முகத்தில் விழிக்க வேண்டாம், நானும் உன் முகத்தில் விழிக்க வேண்டாம்.

கூடத்தில் சீரியல் பல்பு கட்டி வைக்கிறேன். ஒரு மயில், ஒரு தாமரை, ஓடுகிற வரிசை நான்கு. எல்லாம் பேட்டரியில் எரிவது, தொட்டாலும் ஒன்றும் ஆகாது. ஸ்விட்ச் பலகையை அவன் கை எட்டுகிற உயரத்தில் வைக்கிறேன். கேட்காத பிள்ளையிடம் பாட்டுப் பாடி விழிக்க வைக்க முடியாது. கண்ணுக்கு வேலை கொடு.

இது உனக்காக இல்லை. மடி என்னுடையது, அதனால்.

நெல்லையப்பன்

*

பொன்முடி
4 ஜூலை 2025

அண்ணனுக்கு,

17ஆம் தேதி காலை ஆவுடைத்தாயிடம் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் ஆட்டோ ஏறினோம். உங்கள் கடைக் கதவு ஒரு கை அளவு திறந்திருந்தது. அதன் வழியாக யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

மயில் விளக்கை நூறு தடவையாவது அணைத்துப் போட்டிருப்பான். நீதுவின் அறையில் மருந்தே இல்லாமல் என் தோளில் சாய்ந்தான். வயர் ஒட்டினார்கள், காதில் குழாய் வைத்தார்கள், ஒன்றும் தெரியவில்லை அவனுக்கு. நீது சத்தத்தை ஏற்றிக்கொண்டே போனார். திரையில் கோடு அசையவில்லை. வலது காதிலும் இல்லை, இடது காதிலும் இல்லை.

நீங்கள் அன்று சொன்னது சரி. எழுதிவிட்டேன்.

நான் கேட்டது தப்பு. "பிள்ளை பெத்திருந்தா இந்த வார்த்தை வாயில வருமா?" என்று கேட்டேன். அப்பா போன பிறகு என்னை வளர்த்து ஆளாக்கியதில்தான் உங்கள் கல்யாண வயது போனது என்று தெரிந்துகொண்டேதான் கேட்டேன். கோபத்தில் தெரியாமல் வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

இப்போது வேறு சிக்கல். வெளியே மாட்டுகிற கருவிக்குக் காதின் அச்சு வேண்டும். பசை மாதிரி ஒன்றைக் காதுக்குள் நிரப்பி, ஐந்து நிமிடம் இறுகவிட்டு எடுக்க வேண்டும். பிள்ளை விழித்திருக்கும்போது சம்மதிக்கப் பழக வேண்டும், தினமும் கருவி மாட்டப் போகிறவன் அல்லவா என்கிறார் நீது. இரண்டு தடவை போய் வந்தோம். முதலில் எனக்கு எடுத்துக் காட்டலாம் என்று என்னை உட்கார வைத்தார். அம்மாவையும் குத்துகிறார்கள் என்று நினைத்து நீதுவின் கையைக் கடித்துவிட்டான். அவன் அப்பா உட்கார்ந்தார். அப்போதும் அதே கூத்து.

நீது காது குத்திய கதையைக் கேட்டார். சொன்னேன். "எங்கில் ஆ மாமன் தன்னே வரட்டே" என்றார். யாரை நினைத்துப் பயப்படுகிறானோ அவரே வந்து அவன் முன்னால் உட்காரட்டும் என்கிறார்.

அண்ணா, இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் வீட்டில் டிவியைப் போட்டேன். தெருவே திரும்பிப் பார்த்தது. ஆவுடைத்தாய் வந்து சத்தத்தைக் குறைத்துவிட்டு, "உங்க அண்ணாச்சி வீட்டுக் கதவத் தட்டித் தட்டி எங்க கை வீங்கித்தாம்மா சாவி எங்கிட்ட வந்துச்சு" என்றாள். மூன்று போனிலும் ஒரே கரகரப்பு என்று எழுதினீர்கள். போன்கள் சரியாகத்தான் இருக்கும்.

நீங்கள் வந்தால் நீது உங்களுக்கும் ஒரு டெஸ்ட் எடுப்பார்.

பொன்செல்வி

*

சாலை
8 ஜூலை 2025

பொன்செல்விக்கு,

என் காதில் ஒரு குறையும் இல்லை. ஆவுடைத்தாய் தட்டுவது கதவுக்கே கேட்காது. டிவி வாங்கிய நாளிலிருந்து மட்டம். எந்த மண்டபத்தில் எந்த ஸ்பீக்கர் எங்கே வைத்தால் எதிரொலிக்கும் என்று சொல்ல இந்தத் திருவனந்தபுரத்தில் என்னை விட்டால் ஆளில்லை. என்னைக் கொண்டுபோய் ஒரு சின்னப் பெண் முன்னால் உட்கார வைத்துக் காது கேட்கிறதா என்று சோதிக்கச் சொல்கிறாய்.

திரும்ப எடுத்துக்கொண்டதாக எழுதியதைப் படித்தேன். சரி.

நான் வர மாட்டேன்.

என்றைக்கு, எத்தனை மணிக்கு, எந்த அறை என்று மட்டும் எழுது. வருவேன் என்று அதற்கு அர்த்தமில்லை.

நெல்லையப்பன்

*

பொன்முடி
10 ஜூலை 2025

அண்ணனுக்கு,

15ஆம் தேதி, செவ்வாய். காலை பத்து மணி. முதல் மாடி, ஏழாம் அறை.

வேட்டி கட்டாமல் வந்தால் நல்லது.

பொன்செல்வி

*

சாலை
17 ஜூலை 2025

பொன்செல்விக்கு,

நான் வெளியே வந்தபோது வராந்தாவில் நீ ஏதோ கேட்டாய். கூட்டச் சத்தத்தில் விளங்கவில்லை. உன்னை வெளியே நிறுத்திவிட்டார்களே, உள்ளே என்ன நடந்தது என்று கேட்டிருப்பாய் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

வேட்டிதான் கட்டி வந்தேன். கால்சட்டை போட்டு அவனை ஏமாற்றினால், அடுத்த வேட்டியைக் கண்டதும் மறுபடி பயப்படுவான்.

என்னைக் கண்டதும் காதைப் பொத்திக்கொண்டு அப்பன் காலுக்கு இடையில் போய் நின்றான். நான் அவனைக் கூப்பிடவில்லை, சிரிக்கவில்லை, கை நீட்டவில்லை. எதிரே நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்தப் பெண் ஒரு சின்ன விளக்கால் என் காதுக்குள் பார்த்தாள். பிறகு அந்த விளக்கை அவன் கையில் கொடுத்தாள். கொஞ்ச நேரம் என் வேட்டியில் வெளிச்சம் அடித்துப் பார்த்தான். பிறகு கிட்டே வந்தான். என் காதைப் பிடித்து இழுத்து, உள்ளே பார்த்தான். விளக்கைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் முறுக்கினான். நல்ல பலம். பேச்சிமுத்து மாப்பிள்ளை எழுந்து, "ஏல, விடு, மாமாவுக்கு வலிக்கும்லா" என்று பதறினார். நான் கையைக் காட்டி உட்காரச் சொன்னேன். ஒன்றரை வருடத்துக் கணக்கு, அவன் தீர்க்கட்டும் என்று இருந்தேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் விட்டான்.

அந்தப் பெண் பஞ்சு வைத்து, பசையை நிரப்பினாள். "அம்மாவா, அனங்கல்லே" என்றாள். மாமாவைத்தான் அப்படிக் கூப்பிடுகிறாள். அசையக்கூடாதாம். ஐந்து நிமிடம் நான் அசையவில்லை. அவனும் என் முழங்காலில் கை வைத்துக்கொண்டு அசையாமல் பார்த்தான். எடுத்ததும் ஒரு நண்டுக்குஞ்சு மாதிரி என் காது வெளியே வந்தது. அதைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்தான். தன் காதில் வைத்துப் பார்த்தான், சேரவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்தான். தன்னுடையதைத் தருமாறு கேட்டான் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். நாற்காலியில் ஏறி என் மடியில் அவனாகவே உட்கார்ந்தான். நான் பிடிக்கவில்லை. என் கை இரண்டும் நாற்காலிக் கைப்பிடியில்தான் இருந்தன. முதலில் இடது காது. பிறகு வலது. இடையில் ஒரு தடவை அழுதான். எழுந்து ஓடவில்லை.

அதற்குப் பிறகு என்னை ஒரு கண்ணாடி அறையில் அடைத்துச் சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னாள். பிள்ளை கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்ததால் மறுக்க முடியவில்லை. நான் அழுத்தாதபோதெல்லாம் அவள் பேப்பரில் எதையோ குறித்தாள். நிறையக் குறித்தாள். எனக்கும் ஒரு கருவி வருமாம். அவள் வேலையை அவள் செய்கிறாள். நான் மாட்டுவதாக யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

நெல்லையப்பன்

*

பொன்முடி
2 செப்டம்பர் 2025

அண்ணனுக்கு,

ஆகஸ்ட் 19ஆம் தேதி கிரிஷுக்குக் கருவி மாட்டினார்கள். அன்றே உங்களுடையதும் வந்துவிட்டது. முதல் வாரம் நாங்களே நம்பவில்லை, காலையில் எழுந்ததும் அவனே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். இதில் பெரிதாக ஒன்றும் கேட்காது, ஆனால் நாள் முழுக்க மாட்டிப் பழகிக் காட்டினால்தான் ஆபரேஷனுக்குத் தேதி என்று நீது சொல்லியிருக்கிறார். எத்தனை மணி நேரம் மாட்டினான் என்று தினமும் ஒரு நோட்டில் குறிக்கச் சொன்னார்.

26ஆம் தேதி உங்கள் வீட்டுக்கு வந்தோம். நீங்களும் கடையில் போய்ப் படுக்காமல் இருந்தீர்கள். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. வந்ததும் அவன் முதலில் உங்கள் காதைத்தான் பார்த்தான். இடது, பிறகு வலது. உங்கள் கருவி சட்டைப் பையில் டப்பாவோடு இருந்தது. அதை அவன் கண்டுபிடித்ததையும், தன் காதில் இருந்ததைக் கழற்றி அதே பையில் போட்டதையும் நீங்கள் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டீர்கள். மலை ஏறிய பிறகு அவன் மாட்ட மறுக்கிறான். மாட்டினால் கழற்றிச் சட்டைப் பையில் போடுகிறான். பை இல்லாத சட்டை போட்டுவிட்டேன். தேயிலைச் செடிக்குள் எறிந்தான். நானும் லயத்துப் பெண்கள் நான்கு பேரும் ஒரு மணி நேரம் தேடி எடுத்தோம்.

நோட்டில் ஆறு நாளாக ஒன்றும் எழுதவில்லை. பொய்யாக எழுத எனக்கு மனம் வரவில்லை. இப்படியே போனால் ஜனவரி தாண்டிவிடும்.

அண்ணா, இந்த ஞாயிறு அவனைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். உங்கள் சட்டைப் பை காலியாக இருக்கட்டும். இதற்குமேல் உங்களிடம் கேட்க எனக்கு ஒன்றும் இல்லை.

பொன்செல்வி

*

சாலை
20 நவம்பர் 2025

பொன்செல்விக்கு,

டிசம்பர் 9ஆம் தேதி ஆபரேஷன், எட்டாம் தேதி காலை பத்து மணிக்கு அட்மிட் என்று ஞானையனிடம் நீ கொடுத்தனுப்பிய சீட்டு வந்தது. நோட்டைப் பார்த்து நீது கையெழுத்துப் போட்டுவிட்டாள் என்றும் எழுதியிருந்தாய். நல்லது.

செப்டம்பர் ஏழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை மாட்டியதை நான் இன்னும் கழற்றவில்லை. குளிக்கும்போதும் தூங்கும்போதும் தவிர. நீ என்ன நினைப்பாய் என்று தெரியும். வேறு வழியில்லை, அவன் எப்போது வருவான் என்று சொல்ல முடியாது. முதல் பத்து நாள் பெரிய இம்சை. மின்விசிறி பேசுகிறது. செருப்பு பேசுகிறது. ஆவுடைத்தாய் கடுகு தாளிப்பது எதிர்வீட்டிலிருந்து கேட்கிறது. போனிலும் கரகரப்பு இல்லை. அதைச் சொல்லிவிடுகிறேன், நீ சொல்வதற்கு முன்னால்.

போன வாரம் ஒன்று நடந்தது. ஆவுடைத்தாயின் மருமகன் குடித்துவிட்டுப் பள்ளிக்கூட மதில் ஓரம் விழுந்து கிடந்தான். அவள் வாசலில் கோலமாவு டப்பாவோடு நின்றாள். மூன்று வீடு தள்ளி மாவு விற்கிற ஷிபு சைக்கிளோடு நின்றுகொண்டிருந்தான். அவள் மானம் போகக்கூடாது என்று நான் கிட்டே போய், குனிந்து, அவள் காதோடு விஷயத்தைச் சொன்னேன். சொல்லி முடிக்கவில்லை, "எந்த மதில் அண்ணாச்சி, வடக்குப் பக்கமா, தெக்குப் பக்கமா? நான் தூக்கிட்டு வாரேன்" என்று மூன்று வீடு தள்ளியிருந்து ஷிபு கேட்டான். மாடியில் துணி காயப் போட்ட பெண் ஒருத்தி எட்டிப் பார்த்தாள். கருவி காதில் இருந்ததால் அவன் கேட்டது எனக்குக் கேட்டது. ஆவுடைத்தாய் மாவு டப்பாவை மூடிவிட்டு, "எப்பவும் இப்படித்தானே அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று மதியம், இத்தனை வருடம் நான் யார் யார் காதோடு என்னென்ன சொல்லியிருக்கிறேன் என்று உட்கார்ந்து நினைத்துப் பார்த்தேன். எல்லாவற்றையும் நினைக்க முடியவில்லை. சாஸ்தா கோவிலை மட்டும் நினைத்தேன். ஆசாரி ஊசியைப் பிடித்த கையோடு நின்றுவிட்டார் என்று எழுதியிருந்தாய். நின்றிருப்பார். உன் மாமியார் செருப்பை விட்டுவிட்டு ஓடி வந்ததாக எழுதியிருந்தாய். வந்திருப்பார். அந்தக் கடிதத்தில் முதல் பாதி பொய் என்று நான் எழுதினேன். அது பொய் இல்லை.

நான் கண்டது சரி. சொல்ல வேண்டியதும் சரி. அதில் இன்றைக்கும் எனக்கு மாற்றமில்லை. ஆனால் உனக்கு மட்டும் சொன்னதாக நினைத்துக்கொண்டு நாற்பது பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அதற்கு நீ கோபப்பட்டது நியாயம்.

ஏழாம் தேதியே இறங்கி வா. மயிலும் தாமரையும் இறக்கி வைத்திருக்கிறேன், இந்தத் தடவை அவன் தூங்கலாம், விழித்திருக்க வேண்டியதில்லை. மாப்பிள்ளையும் லீவு சொல்லிவிட்டு வரட்டும், மூன்று பேருக்கும் பாய் இருக்கிறது. நான் கடையில் படுக்கப் போவதில்லை.

ஆவுடைத்தாயிடமிருந்து சாவியைத் திருப்பி வாங்கிவிட்டேன். அவளிடம் போய்க் கேட்காதே. கதவைத் தட்டு. மெதுவாகத் தட்டினால் போதும்.

நெல்லையப்பன்